கடற்காற்றில் ஏழு ஊதா மரங்கள்

என்னோடு வேலை செய்த அண்ணா இறந்து பதினோராம் நாள் காலை, எங்கள் நர்சரியின் முதலாளியம்மா ஒரு நீல அட்டைக் கொப்பியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். தொட்டி அடுக்கும் கொட்டகையில், உரமூட்டைகளுக்கு மேலே இருந்த பலகையில் கிடந்ததாம். ஓரங்கள் ஈரம் பட்டுச் சுருண்டிருந்தன.

"மூன்று வருடமாக இதில்தான் எழுதினார். எனக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. நீ வாசித்துச் சொல்வாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் கொப்பியைத் திறக்காமல் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, மத்தியானம் சொல்கிறேன் என்றேன். அன்று மத்தியானமும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை.

அந்த நர்சரிக்கு நான் எட்டு வார வேலைக்காகத்தான் போனேன். கோயம்புத்தூரில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, கணவரின் வேலையை ஒட்டி மெல்பர்ன் வந்து, ஒரு வருடம் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தேன். எல்லா இடத்திலும் லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ் கேட்டார்கள். குளிர்காலத்தில் இலையுதிர்ந்த மரங்களை வேரோடு தோண்டிக் கட்டி அனுப்பும் சீசனுக்கு ஆள் வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். சும்மா இருப்பதற்குப் பதில் போகலாமே என்று போனேன். ஏழு வருடமாகிவிட்டது. இப்போது வாடிக்கையாளருடன் பேசி மரம் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது என் வேலை.

இடம் டண்டினொங்கிலிருந்து தெற்கே காரில் அரைமணி. கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காற்றில் எப்போதும் சேற்று வாடையும் உப்பும் இருக்கும். கார்க் கண்ணாடியை விரலால் தடவினால் வெள்ளையாக ஒட்டும்.

நான் சேர்ந்த முதல் நாள், வாய்க்குள் ஏதோ தமிழில் முணுமுணுத்துக்கொண்டு மரத்தூள் கலவையைக் கிளறிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தொட்டி நிரப்பிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"நீங்கள் தமிழோ? இந்தியாவோ?"

"ஆமா. நீங்க?"

"ஓம், யாழ்ப்பாணப் பக்கம். ஊர்ப் பேர் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது, விடுங்கோ."

என்னைவிட மூன்று வயது மூத்தவர். அகதியாகப் படகில் வந்தவர். இறக்கும்போது, பிரிட்ஜிங் விசா என்ற தற்காலிக அனுமதியிலேயே பன்னிரண்டு வருடம் ஓடியிருந்தது. மனைவியும் ஒரே மகளும் ஊரில். அவர் புறப்பட்டபோது மகளுக்கு இரண்டு வயது. இதையெல்லாம் அவர் ஒரே மூச்சில் சொல்லவில்லை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒவ்வொரு துண்டாகச் சொன்னார். நான் அவரை அண்ணா என்று கூப்பிட்டேன், அவர் என்னைத் தங்கச்சி என்றார். டிபன் டப்பாவைத் திறந்ததும் அவர் புட்டை என் பக்கம் தள்ளுவார், நான் என் லெமன் சாதத்தைத் தள்ளுவேன். அவ்வளவுதான் எங்கள் பழக்கம். அவர் வீட்டுக்கு நான் போனதில்லை, என் வீட்டுக்கு அவர் வந்ததுமில்லை.

ஏழு மரங்களின் கதை அவரிடம் வந்தது வாடிக்கையாளர்களின் புகாரால். கடலோரத்தில் புது வீடு கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் ஊதா இலை கிராப் ஆப்பிள் வேண்டும், பழத்துக்கல்ல, அழகுக்கு வளர்க்கும் சின்ன ஆப்பிள் மரம். வசந்தத்தில் கருஞ்சிவப்புத் தளிரும் ரோஸ் பூவும் சேர்ந்தே வரும். சாம்பல் நிறச் செங்கல் வீட்டுக்கு முன்னால் நின்றால் படத்தில் அழகாக இருக்கும். ஆசையாக வாங்கிப் போவார்கள். இரண்டு வருடத்தில் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு திரும்பி வருவார்கள். இலையெல்லாம் கரும்புள்ளி. கிறிஸ்துமஸுக்கு முன்பே மரம் மொட்டை. ஈரமான கடற்காற்று அந்தப் பூஞ்சைக்குத் தோது. போதாததற்குத் தென்மேற்குக் காற்றில் வரும் உப்பு இலை ஓரத்தைத் தீய்த்துவிடும். நிழலில் வைத்தாலோ ஊதா போய் அழுக்குப் பச்சையாகிவிடும்.

மன்னிப்புக் கேட்டுக் கேட்டு முதலாளியம்மாவுக்கு அலுத்துவிட்டது. ஏழு வகை ஊதா மரங்களை வரவழைத்து மேற்கு வேலியோரம், காற்று நேராக மோதும் இடத்தில் நட்டார். மருந்து அடிக்கக் கூடாது, மறைப்புக் கட்டக் கூடாது. எது தானாகத் தாக்குப்பிடிக்கிறதோ அதை மட்டும்தான் கடலோரத்துக்கு விற்பேன் என்றார். பார்த்துக் குறித்துவைக்கும் வேலையை அண்ணாவிடம் கொடுத்தார். மரங்களுக்குப் பெயர் இருந்தது. அவர் எண்ணைத்தான் சொல்வார்.

"ஒண்டாம் நம்பர் நல்ல வடிவு. ஆனா சீக்காளி. மூண்டும் அப்பிடித்தான். உந்த நாலாம் நம்பர் காத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வளருது, பாத்தனீங்களோ? கூனல் விழுந்திட்டுது."

ஊதா என்று அவர் சொல்ல மாட்டார். நாவல் நிறம் என்பார். மாத முதல் வெள்ளிக்கிழமை காலையில் அடிக்கோல் மாதிரி குறி போட்ட ஒரு மூங்கில் கழியைத் தூக்கிக்கொண்டு வேலிப் பக்கம் போவார். ஒவ்வொரு மரத்தின் பக்கத்திலும் கழியை நட்டு, தலையை அண்ணாந்து பார்த்து, கொப்பியில் எழுதிவிட்டு வருவார். அரைமணி வேலை அது. அவர் திரும்ப முக்கால் மணிக்கு மேலாகும். உயரம் எழுத இவ்வளவு நேரமா என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

ஒருமுறை கேட்டேன். "அண்ணா, உங்க வீட்டு முன்னாடி ஒண்ணு வைக்கணும்னா எதை வைப்பீங்க?"

"எனக்கெங்க தங்கச்சி வீடு?" என்று சிரித்தார். பிறகு கழியால் காட்டினார். "ஆறாவது. வடிவு குறைவு. ஆனா இலை தடிப்பு, மினுக்கம். உப்பு நிக்காது, வழுக்கிப் போடும்."

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் ஒரு நண்பர் வீட்டுக் கிரகப்பிரவேச விருந்தில் இருந்தோம். கையில் தட்டு. ஃபோன் அடித்தது. திரையில் அண்ணாவின் பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என்னை அழைத்ததே கிடையாது. விருந்துச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, நாளை காலை பார்க்கத்தானே போகிறோம் என்று விட்டுவிட்டேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி அடித்தது. அப்போது யாரோ என் தட்டில் பாயசக் கிண்ணத்தை வைத்தார்கள். நான் ஃபோனைக் கைப்பைக்குள் போட்டேன்.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. நான் அழைத்தேன், அணைத்துவைத்திருப்பதாகச் சொன்னது. செவ்வாய்க்கிழமை அவரோடு அறையில் தங்கியிருந்தவர் நர்சரி நம்பருக்கு அழைத்தார். முதலாளியம்மா ஃபோனை என்னிடம் கொடுத்தார்.

"பிள்ளை, அவர் போயிட்டார். ஞாயிறு பின்னேரம். நான் வேலையால வந்து பாக்கிறன், குசினிக்குள்ள கதிரையில இருந்தபடியே... ஹார்ட் எண்டு சொல்லினம். தேத்தண்ணி ஊத்தி வச்சிருக்கிறார், குடிக்கேல்லை."

சமையலறை நாற்காலியிலேயே. எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். இன்றுவரை எனக்கு அது தெரியாது. தெரியாமல் இருப்பது நல்லதா கெட்டதா என்றும் தெரியவில்லை.

இறுதிச் சடங்கில் இருபது பேர் இருந்தோம். ஒருவர் ஃபோனை உயர்த்திப் பிடித்துக்கொண்டே நின்றார். அதன் வழியே மனைவியும் மகளும் பார்த்தார்கள். திரையில் என்ன தெரிந்தது என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை.

பதினைந்தாம் நாளோ பதினாறாம் நாளோ, முதலாளியம்மா மறுபடி வந்து எதிரில் உட்கார்ந்தார். இனி தள்ள முடியாது. கொப்பியைத் திறந்து, வாசித்து வாசித்து ஆங்கிலத்தில் சொன்னேன். ஒன்றாம் மரம், இலையில் புள்ளி, கார்த்திகை முடிய முன்னம் பாதி உதிர்ந்தது. இரண்டாம் மரம், மேற்குப் பக்க இலைகள் கருகல், கிழக்குப் பக்கம் சுகம். ஐந்தாம் மரம், கோடையில் நிறம் போய்விட்டது, பச்சை. ஆறாம் மரம், ஐந்து அடி இரண்டு, புள்ளி இல்லை. முதலாளியம்மா தன் தாளில் எழுதிக்கொண்டே வந்தார்.

ஏழாம் மரத்துக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது.

மகள், நாலு அடி ஐந்து.

நான் நிறுத்தினேன். அடுத்த மாதத்தைப் புரட்டினேன். ஏழு மரங்கள், அதற்குக் கீழே மகள். நாலு அடி ஐந்தரை. அதற்கடுத்த மாதம் மகள், அதே அளவு. பிறகு நாலு அடி ஏழு. மூன்று வருடமும் இப்படியே. சில இடங்களில் கூடுதலாக ஒரு வார்த்தை. 'மகள், நாலு அடி பத்து, காய்ச்சல்.' 'மகள், ஐந்து அடி, சைக்கிள் ஓடப் பழகிவிட்டா.' கடைசிப் பக்கத்தில் ஐந்து அடி மூன்று.

"அடியில் ஒரு வரி இருக்கிறதே, அது என்ன?" என்று முதலாளியம்மா கேட்டார்.

"அதுவும் உயரம்தான்," என்றேன்.

அவர் ஆறாவது மரத்தின் பெயரைத் தன் தாளில் வட்டமிட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அதற்குப் பின் வந்த இலையுதிர்கால வாரங்களைப் பற்றி எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. பேய் பிசாசு என்று எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் ஏப்ரலில் விரிகுடாவிலிருந்து காலை மூடுபனி வந்து நர்சரியை மூடிவிடும். கேட்டைத் திறந்ததும் முதலில் தெரிவது மேற்கு வேலியோர மரங்கள்தான். ஊதா இலை பனியில் கறுப்பாகத் தெரியும். பச்சை மரங்கள் பனியில் கரைந்துபோகும், இவை மட்டும் ஆட்கள் மாதிரி வரிசையாக நிற்கும். ஒரு காலை அவற்றை எண்ணினேன். எட்டு இருந்தன. கையிலிருந்த சாவிக்கொத்தை இறுக்கிக்கொண்டு கிட்டப் போனேன். ஏழுதான். எட்டாவது வேலிக் கம்பமாக இருக்கலாம், இல்லை நான் தவறாக எண்ணியிருக்கலாம். மறுநாளிலிருந்து தினமும் எண்ணினேன். எட்டு வரவில்லை. வராததும் ஏமாற்றமாக இருந்தது. அதைக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

கணவர் வேறொன்றைக் கவனித்தார். ஒரு சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, "எப்ப இருந்து நீ ஓம் சொல்ற?" என்று கேட்டார்.

"நான் எங்க சொன்னேன்?"

"இப்ப சொன்னியே. தயிர் இருக்கான்னு கேட்டதுக்கு."

 என் வாய்க்குள்ளிருந்து நான் அறியாமல் அண்ணா பதில் சொல்வது போலிருந்தது. அடுத்த நாள் வாடிக்கையாளர் ஒருவரிடம் ஆங்கிலத்தில் மரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, காற்றுக்கு முதுகைக் காட்டி வளரும் என்றேன். அதுவும் அவருடையது.

மே மாத முதல் வெள்ளிக்கிழமை, யாரும் சொல்லாமல், மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு நானே வேலிப் பக்கம் போனேன். ஏழு மரங்களையும் அளந்து கொப்பியில் எழுதினேன். அவருடைய உருண்டை எழுத்துக்குக் கீழே என் எழுத்து அவசரக்காரி எழுத்தாக இருந்தது. ஏழாவதுக்குக் கீழே ஒரு வரி விட்டேன். என்ன எழுதுவது? அந்த வெற்று வரி வேலை முடியும்வரை என் கண்ணிலேயே நின்றது. ஜூனில் இன்னொரு வெற்று வரி. அவர் முக்கால் மணி நேரம் அங்கே என்ன செய்தார் என்று அப்போதுதான் விளங்கியது. ஊரில் அது விடிகாலை, மகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன். ஃபோனில் பேசியிருக்கிறார்.

அறைத் தோழரிடம் மனைவியின் நம்பரை வாங்கினேன். இரண்டு வாரம் கையில் வைத்திருந்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரம், அழைத்தேன்.

"ஆர் கதைக்கிறது?"

நான் நர்சரியில் கூட வேலை செய்பவள் என்றேன். 

"நீங்கள்தானோ அந்த இந்தியாப் பிள்ளை? லெமன் சோறு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை, பொறுமையாகக் காத்திருந்தார். கொப்பியைப் பற்றிச் சொன்னேன். மரங்களுக்குக் கீழே மகளின் உயரம் எழுதியிருப்பதையும், கடைசியாக ஐந்து அடி மூன்று என்று இருப்பதையும் சொன்னேன்.

"எவ்வளவு எண்டனீங்கள்?"

"அஞ்சு அடி மூணு."

அவர் சிரித்தார். அழுகையும் சிரிப்பும் கலந்த சத்தம் அது. "அவள் என்னை மாதிரிக் கட்டை, பிள்ளை. அஞ்சடியே இன்னும் வரேல்லை. தகப்பன் சந்தோசப்படுவார் எண்டு கூட்டிக் கூட்டிச் சொன்னவள். நான் பேசினனான். ஒருநாள் வந்து பாத்தா என்னடி செய்வாய் எண்டு கேட்டனான்."

"அவ என்ன சொன்னா?"

"வரேக்க வளந்திடுவன் அம்மா எண்டு சொன்னாள்."

பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. ஃபோன் கை மாறியது. பதினாலு வயதுக் குரல், கொஞ்சம் முரடாக. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அன்ரி, ஆறாவது மரம் இப்ப எவ்வளவு? அப்பா ஒன்பது அடி எண்டு சொன்னவர். போன வருசமே எட்டடி."

கொப்பி என் மடியில் திறந்தேயிருந்தது. அவர் கையால் எழுதிய கடைசி அளவு ஆறு அடி மூன்று அங்குலம். ஜூனில் நான் அளந்ததும் அதேதான். ஒரு கணம் ஒன்பது என்றே சொல்லிவிடலாமா என்று நினைத்தேன்.

"ஆறடி மூணு," என்றேன். "உப்புக்காத்து அடிக்கிற இடம்மா. அங்க எந்த மரமும் அவ்வளவு சீக்கிரம் வளராது."

சொன்னதுமே தவறு செய்துவிட்டேனோ என்று பயந்தேன்.

"அப்ப அப்பாவும் பொய்தான் சொல்லியிருக்கிறார்," என்றாள். பிறகு மெதுவாக, "நல்லாத்தான் சொல்லியிருக்கிறார்," என்றாள். அதில் கோபம் இல்லை. ஏதோ சம அளவில் முடிந்த விளையாட்டைப் பற்றிச் சொல்வது போலிருந்தது.

தன் உண்மையான உயரத்தையும் சொன்னாள். நாலு அடி பதினொன்று. இரண்டு வெற்று வரிகளில் இரண்டாவதில் அதை எழுதினேன். மே மாத வரி அப்படியே இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா என்னை இரண்டு தடவை அழைத்தார், நான் எடுக்கவில்லை என்பதை அன்று அவளிடம் சொல்ல நினைத்தே உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை. அதன் பிறகும் சொல்லவில்லை. அது ஒரு வருத்தமாக அல்ல, வேலை பார்க்கும்போது செருப்புக்குள் கிடக்கும் கல்லாக என்னோடு நடக்கிறது.

ஜூலையில் ஆறாவது மரத்திலிருந்து ஒட்டுக்கான குச்சிகளை வெட்டினோம். ஈரத்துணியில் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்து, ஆகஸ்டு கடைசியில் பச்சைக் கிராப் ஆப்பிள் வேர்ச்செடிகளில் கட்டினோம். நாற்பது கட்டியதில் முப்பத்தொன்று பிடித்தது. ஒட்டுக்கு மேலே ஊதாத் தளிர் வரும். கீழே வேரிலிருந்து பச்சைத் தளிர் கிளம்பும். பச்சையை உடனுக்குடன் கிள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் அது மரத்தையே விழுங்கிவிடும். தினமும் கிள்ளினேன். ஒன்றும் மூன்றும் வேலியோரத்திலிருந்து பிடுங்கப்பட்டன. ஒன்றாம் மரத்தைப் பிடுங்கிய அன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டேன்.

மகள் ஆரம்பத்தில் மாதா மாதம் பேசினாள். பிறகு பரீட்சை என்றாள். இப்போது குறுஞ்செய்தி மட்டும், அதுவும் எப்போதாவது. மரத்தின் படம் அனுப்பினால் ஓர் இதயம் போடுவாள். அவள் வயதில் அப்படித்தான் இருக்க வேண்டும். நான் அவளைத் துரத்துவதில்லை.

போன அக்டோபரில் இரண்டு நாள் தென்மேற்கிலிருந்து பெருங்காற்று. கூரைத் தகடு ஒன்று பறந்துபோனது. மூன்றாம் நாள் காலை வெயில் வந்ததும், முதலாளியம்மாவும் நானும் வேலியோரம் போனோம். ஆறாவது மரம் அப்போதுதான் பூ முடித்து இலை விரித்திருந்தது. இலை இன்னும் தடிக்கவில்லை, ஒவ்வொன்றிலும் உப்பு மெல்லிய வெள்ளைப் படலமாக நின்றது. சோதனை முடிந்து இப்போது அதுதான் ஒட்டுக்குத் தாய்மரம்; நன்னீரால் உடனே கழுவாவிட்டால் வெயில் ஏற ஏறக் கருகும். முதலாளியம்மா ஒரு கிளையை வளைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, தலையைத் திருப்பாமல், அண்ணாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஹோஸைக் கொண்டு வா என்று உரத்த குரலில் சொன்னார்.

ஹோஸ் இழுப்பது எப்போதும் அவர் வேலை.

முதலாளியம்மாவின் கை கிளையிலேயே நின்றது. அறுபது தாண்டியவர். சடங்கில்கூடக் கண் கலங்காதவர். உதடு இறுகி, கன்னம் சிவந்து, என்னைப் பார்க்காமல் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டகைப் பக்கத்திலிருந்து யாரோ வருவது போல நானும் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"ஓம், கொண்டு வாறன்," என்றேன் தமிழில்.

போய்க் குழாயைத் திறந்து, ஹோஸை இழுத்து வந்தேன். மேலிருந்து கீழாக, இலைக்கு அடியிலும் படும்படி, இருவரும் மாறி மாறித் தண்ணீர் அடித்தோம். வெள்ளை கரைந்து ஓட, இலைகள் ஈரத்தில் நாவல் நிறமாகத் தெரிந்தன. மரம் முழுதும் கழுவி முடிக்க அரைமணிக்கு மேல் ஆயிற்று.